பீட்ரூட் சாயம் முட்டையில் ஒட்டவில்லை, அவசரம்

நாகர்கோவில்_அக்கா:
ஞாயிறு ஈஸ்டர். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முட்டைக்குச் சாயம் ஏற்றுகிறேன். கடைக் கலர்ப்பொடி வேண்டாம் என்று பீட்ரூட் போட்டேன். அழுக்குப் பழுப்பாக, திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. என்ன செய்ய?

அடுக்களை_மல்லிகா:
வெள்ளை முட்டையா, பழுப்பா? வினிகர் ஊற்றினீர்களா?

கொல்லைப்புறம்:
மஞ்சள்தூள் போடுங்கள் அக்கா. மஞ்சள் பிடிக்காத பொருளே கிடையாது, என் வேட்டியே சாட்சி. துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொடி ஒட்டிப் புள்ளி விழும்.

சோதனைக்குழாய்:
வருடா வருடம் இதே கேள்வி. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பீட்ரூட் நிறமி பீட்டாலைன், சூட்டில் சிதைந்து பழுப்பாகும். முட்டையையும் பீட்ரூட்டையும் ஒன்றாகப் போட்டு அவித்திருப்பீர்கள்.

நாகர்கோவில்_அக்கா:
ஆமாம், ஒன்றாகத்தான் அவித்தேன்.

அடுக்களை_மல்லிகா:
முட்டை என்ன நிறம் என்று இன்னும் சொல்லவில்லையே! சரி, வெள்ளை என்றே வைத்துக்கொள்கிறேன். ஊதா முட்டைக்கோஸ் பாதியை நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் 2 மேசைக்கரண்டி வினிகர். அவித்த முட்டையைத் துடைத்து, எண்ணெய்க் கை படாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். ஓடு சுண்ணாம்பு என்பதால் முட்டை நீலமாகத்தான் வரும்.

ரோஸ்_டீச்சர்:
சிவப்பு மாதிரி வேண்டுமென்றால் பல்லாரித் தோல். கிரேக்க நாட்டில் பெரிய வியாழனன்று முட்டைகளைச் சிவப்பாக்குவார்கள், வெங்காயத் தோலிலும் செய்வதுண்டு. இதைக் கொதிக்கவிட்டாலும் நிறம் கெடாது. பழுப்பு முட்டையிலும் நன்றாகப் பிடிக்கும்.

கொல்லைப்புறம்:
டீத்தூளிலும் பழுப்பு வரும்.

சந்தை_மாமா:
வரும் வரும். அதைத்தானே நாட்டுக்கோழி முட்டை என்று நம் தலையில் கட்டுகிறார்கள்! எலுமிச்சம்பழம் தேய்த்துப் பாருங்கள், நிறம் போனால் போலி.

சோதனைக்குழாய்:
தவறு. பழுப்பு முட்டையின் நிஜ நிறமும் ஓட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. எலுமிச்சை ஓட்டையே அரிக்கும், அதோடு நிறமும் போகும். தவிர, பண்ணையிலேயே பழுப்பு முட்டையிடும் கோழிகள் உண்டு. பழுப்பு என்றாலே நாட்டுக்கோழி என்று நினைப்பதுதான் முதல் கோளாறு.

சந்தை_மாமா:
தம்பி, நான் கோழி வளர்த்தவன். நாட்டுக்கோழி முட்டை சிறியதாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். ஒரே அச்சில் வார்த்தது மாதிரி கரும்பழுப்பில் முப்பது முட்டை எந்தக் கோழி போடும்?

சோதனைக்குழாய்:
பண்ணைக் கோழி. மேலே சொன்னேன்.

அடுக்களை_மல்லிகா:
அக்கா கேட்டது வேறு, நீங்கள் பேசுவது வேறு. அக்கா, ஒன்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் சாப்பிடப்போகிறார்கள் என்றால் ஆராதனை முடியும் வரை வெளியே வைக்காதீர்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

நாகர்கோவில்_அக்கா:
வெள்ளை முட்டைதான். வினிகர் ஊற்றவில்லை. கோஸில் நல்ல நீலம், பல்லாரித் தோலில் செங்கல் நிறம் வந்துவிட்டது. மிச்சப் பீட்ரூட் பொரியலுக்குப் போயிற்று. எல்லாருக்கும் நன்றி, கோவிலுக்குக் கிளம்புகிறேன்.

புது_வரவு:
வீட்டிலிருந்த நாட்டு முட்டையில் எலுமிச்சை தேய்த்தேன். நிறம் போகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா, வேண்டாமா?