புதுப்பிப்பு: மொட்டைமாடி நிலா வெள்ளைத் தட்டாக வந்தது, இப்போது சரியாகிவிட்டது

மதுரை கோ.புதூர் வீட்டு மாடியிலிருந்து 300 மி.மீ. லென்ஸில் நிலாவை எடுத்தால் வெறும் வெள்ளைத் தட்டாக வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ‘லூனி 11’ யோசனைதான்; அதாவது நிலாவுக்கு எஃப்/11 வைத்து, ஐஎஸ்ஓ எண் எதுவோ அதில் ஒரு பங்கு நொடி ஷட்டர் வைக்கும் விதி. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை, இருட்டுக்கு ஏற்ற ஒளியளவு அதற்கு வேண்டாம் என்று ஒருவர் விளக்கியிருந்தார். மேனுவலில் லென்ஸ் துளை எஃப்/11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 நொடி. பௌர்ணமியன்று முதல் படத்திலேயே டைக்கோ பள்ளமும் அதிலிருந்து கிளம்பும் கதிர்க்கோடுகளும் தெரிந்தன.

ஆனாலும் லேசான மங்கல். ட்ரைபாடில் வைத்தபின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்து, 2 நொடி டைமர் போட்டதும் பாதி சரியானது. மீதிக்குக் காரணம் நான் நினைத்தே பார்க்காதது: நம்ம ஊர் வெயிலைப் பகலெல்லாம் குடித்த தளம் ராத்திரி 8 மணிக்கும் சூட்டைக் கக்குகிறது. அந்தச் சூடான காற்றில், திரையில் நிலா தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. யானைமலைக்கு மேல் எழும்போது பார்க்க அழகுதான், கூர்மைக்கு ஆகாது. 11 மணிக்கு மேல், நன்றாக உயர்ந்தபின் எடுத்ததுதான் தெளிவு.

அப்புறம், பள்ளங்கள் வேண்டுமென்றால் வளர்பிறை அஷ்டமியை ஒட்டி எடுங்கள். நிழல் நீளமாக விழுகிறது. அரை நிலாவுக்கு வெளிச்சம் குறைவு, எஃப்/8-க்குத் திறந்து 1/60 நொடி வைக்க வேண்டியிருந்தது.