பழைய பேஸ் கிட்டார்: ஜி தந்தியில் ஓரிடத்தில் ஒலி அணைந்துபோகிறது, வாங்கலாமா? (அவசரம்)

தாழ்சுருதி எழுதியது:

வணக்கம். பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கவிருக்கிறேன். நாளை மாலைக்குள் விற்பவருக்கு முடிவு சொல்லியாக வேண்டும். இன்று நேரில் வாசித்துப் பார்த்தபோது ஜி தந்தியின் நடுப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் ஒலி எழுந்த வேகத்திலேயே அணைந்துபோனது. மேல் ஃப்ரெட்டுகளில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) தந்தி உரசுகிறது, இரைச்சலும் இருக்கிறது. தந்திகள் பழையவை, மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். 1978-ஆம் ஆண்டு உருப்படி என்பதால் விலையையும் அதற்கேற்பவே சொல்கிறார். வாங்கலாமா, விட்டுவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

மரமும் திருகும் எழுதியது:

எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்று நீங்கள் சொல்லவே இல்லையே. நான்கு தந்தியா ஐந்து தந்தியா, பேட்டரி போடுவதா போடாததா, ஆம்பில் இணைத்து வாசித்தீர்களா வெறும் கையிலா என்பவையும் தெரிய வேண்டும். ஒலி அணையும் இடம் எத்தனையாவது ஃப்ரெட் என்பதுதான் இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

புதுத்தந்தி எழுதியது:

விற்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீண்ட நாள் மாற்றாத தந்தியின் சுற்றுக்கம்பிக்குள் வியர்வையும் அழுக்கும் இறங்கி, நீளம் முழுவதும் எடை ஒரே சீராக இல்லாமல் போய்விடும். அதன் பிறகு சுருதியும் நிற்காது, ஒலியும் நீளாது. புதிய தந்தி ஒரு தொகுதி வாங்கிக்கொண்டு போய், அவர் முன்னிலையிலேயே மாற்றி வாசித்துப் பாருங்கள். பழைய கிட்டாரின் குறை என்று நினைத்துப் பலர் ஒதுக்கியவற்றை வெறும் தந்தியை மாற்றியே நான் சரிசெய்திருக்கிறேன்.

பேஸ்மூத்தோன் எழுதியது:

தம்பி, இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்கப் போகிறவர் குறைந்தபட்சம் அதன் பெயரையாவது எழுத வேண்டும் என்ற அடிப்படையைக் கற்றுக்கொண்டு வந்து கேட்டால் நாங்கள் பதில் சொல்ல வசதியாக இருக்கும். 1978 என்று விற்பவர் சொன்னாராம், இவரும் அப்படியே எழுதுகிறார். தலைப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது, வரிசை எண் எந்த இடத்தில் இருக்கிறது, நீண்ட கழுத்துப் பகுதியான நெக்கை, உடற்பகுதியான பாடியோடு எத்தனை திருகுகள் பிடித்திருக்கின்றன? இந்த மூன்றையும் பார்க்கத் தெரியாதவர்கள் பழைய பேஸ் வாங்கப் புறப்படவே கூடாது.

தாழ்சுருதி எழுதியது:

ஃபெண்டர் ஜாஸ் பேஸ். நான்கு தந்தி, பேட்டரி இல்லை, ஆம்பில் இணைத்துத்தான் வாசித்தேன். அணைவது ஆறாவது ஃப்ரெட் என்று நினைவு. எண் பின்பக்கத் தகட்டில் இருந்தது. திருகுகளை எண்ணவில்லை.

ஓம்விதி எழுதியது:

இரைச்சலைப் பற்றி நான் சொல்கிறேன். ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டு ஒற்றைச் சுருள் பிக்அப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுபவை). ஒன்றை மட்டும் திறந்து வாசித்தால் அது மின்சார இரைச்சலை வாங்கத்தான் செய்யும், அது குறையன்று. இரண்டின் வால்யூமையும் முழுவதுமாகத் திறந்தால், எதிரெதிராகச் சுற்றப்பட்டிருக்கும் சுருள்கள் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று நீக்கிவிட வேண்டும். அப்போதும் இரைச்சல் குறையவில்லை என்றால் யாரோ ஒரு பிக்அப்பை மட்டும் பொருந்தாத வேறொன்றாக மாற்றியிருக்கக்கூடும். இரண்டும் திறந்திருக்கும்போது ஒலி தடித்து வராமல் மெலிந்து உள்ளீடற்றுக் கேட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஒன்றின் கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தால் அது தீர்ந்துவிடும். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. தொட்டவுடன் கூடினால் தரை இணைப்பில் தவறு இருக்கிறது.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துப்புரவுத் திரவம் தெளித்துச் சில முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

மரமும் திருகும் எழுதியது:

ஆறாவது ஃப்ரெட் என்றவுடன் தந்தியைவிட நெக்கின் மீதே எனக்குச் சந்தேகம் எழுகிறது. இவ்வகை நீண்ட, திருகுகளால் பிணைத்த மேப்பிள் நெக்குகளில் ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குள் ஓரிடத்தில் டெட் ஸ்பாட், அதாவது ஒலி நீளாமல் அணையும் இடம், இருப்பது மிகவும் பரவலான செய்தி. புதிய கிட்டார்களிலும் உண்டு. நெக்குக்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் இருக்கிறது. தந்தியின் சுரம் அதற்கு அருகில் விழும்போது தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சித் தானே அதிரத் தொடங்கிவிடுகிறது, ஒலி நீள்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஜி தந்தியைத் திறந்து மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். ஆறாவது ஃப்ரெட்டில் ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ்.

இதைத் தந்தியின் குறையிலிருந்தும் ஃப்ரெட்டின் குறையிலிருந்தும் பிரித்தறியச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஜி தந்தியை அரைச் சுரம் இறக்கிவிட்டு மீண்டும் வாசியுங்கள். அணையும் இடம் ஆறாவது ஃப்ரெட்டை விட்டு ஏழாவதற்கு நகர்ந்தால், அதாவது அதே சுரத்தைப் பின்தொடர்ந்து போனால், அது நெக்கின் அதிர்வு. இடம் நகராமல் ஆறிலேயே நின்றால் அந்த ஃப்ரெட்டோ அடுத்த ஃப்ரெட்டோ உயர்ந்தோ தளர்ந்தோ இருக்கிறது என்று கொள்ளலாம். தலைப்பலகையை ஒரு சுவரில் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். ஒலி சட்டென்று நீண்டால் அதுவும் நெக்கைத்தான் காட்டுகிறது. தலைப்பலகையில் சிறிய கிளாம்ப் ஒன்றை மாட்டி எடையைக் கூட்டினால் டெட் ஸ்பாட் இடம் மாறும், ஆனால் நெக்கை விட்டு முற்றிலும் போகாது.

புதுத்தந்தி எழுதியது:

டெட் ஸ்பாட்டையும் பழைய தந்தி மோசமாக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். புதிய தந்தி போட்ட பிறகு அந்தச் சுரம் ஓரளவு நீண்டு ஒலிப்பதை நான் கண்டிருக்கிறேன். தந்தியை மாற்றாமல் எந்த முடிவுக்கும் வருவது அவசரம் என்பதே என் கருத்து.

பேஸ்மூத்தோன் எழுதியது:

தந்தி, தந்தி என்று எத்தனை முறை சொல்வீர்கள்? கேள்வியின் மையம் அதுவன்று. எண் பின்பக்கத் தகட்டில் இருக்கிறது என்று அவரே எழுதிவிட்டாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா? ஃபெண்டர் 1976-இல் வரிசை எண்ணைத் தகட்டிலிருந்து தலைப்பலகைக்கு மாற்றியது. எழுபதுகளைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்தும் அதையடுத்து ஆண்டின் கடைசி இலக்கமும் வரும். 1978 என்றால் பெரும்பாலும் எஸ் எட்டு. அந்த ஆண்டின் வழக்கமான ஜாஸ் பேஸில் நெக்கை மூன்று திருகுகள் பிடித்திருக்கும். தகட்டில் எண் இருக்கிறது, திருகும் நான்கு என்றால் அது 1978-ஆம் ஆண்டில் உருவான நிலையில் இல்லை. ஒன்று பாடியும் நெக்கும் வேறு வேறு கிட்டாரிலிருந்து வந்தவை, அல்லது பிற்காலத்தில் பழைய மாதிரியைப் பின்பற்றிச் செய்தது. தம்பி, இவ்வளவையும் நாங்கள் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வட்டமேடை எழுதியது:

மூத்தவர் சொல்லும் அடையாளங்கள் சரி. ஆனால் எண்ணை மட்டும் நம்பி ஆண்டை முடிவுசெய்வது ஆபத்து. தகடும் நான்கு திருகுகளால் கழன்று வரும் பொருள், தலைப்பலகை ஒட்டுப்படமும் தனியாகக் கிடைக்கும் பொருள். விற்பவர் இசைந்தால் கட்டுப்பாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழ்களுக்கு அடியிலுள்ள பாகத்தின்) முதுகில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 137 என்று தொடங்கினால் அது சிடிஎஸ் நிறுவனம் செய்தது. அடுத்து வரும் இலக்கங்கள் ஆண்டும் வாரமும். எடுத்துக்காட்டாக 1377833 என்றால் 1978-இன் 33-ஆவது வாரம். இதுவும் அந்தப் பாகம் செய்யப்பட்ட நாளைத்தான் சொல்கிறது, கிட்டார் அதற்கு முன்பு முடிக்கப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. பற்றவைத்த இடங்களில் ஈயம் பழையதாக மங்கியிருக்கிறதா, யாரோ பிற்காலத்தில் பற்றவைத்ததுபோல் பளபளக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அது 1978-ஆகவே இருந்தாலும் ஆண்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்தவற்றில் நெக் பிணைப்பு தளர்ந்தவை, தோளை இறக்கும் அளவுக்குக் கனத்தவை எல்லாம் உண்டு.

பேஸ்மூத்தோன் எழுதியது:

அது தவறான பொதுப்படுத்தல். சிபிஎஸ் நிறுவனம் 1965-இல் ஃபெண்டரை வாங்கியது, 1985-இல் விற்றது, ஆகவே இடைப்பட்டவை எல்லாம் மட்டம் என்று படித்ததைச் சொல்கிறவர்கள் அந்தக் கிட்டார்களைக் கையில் வைத்து வாசித்திருக்க மாட்டார்கள். கனமான ஆஷ் மரப் பாடியும் தந்திகள் பாடியில் முடியும் பிரிட்ஜை நோக்கிச் சற்றே தள்ளிவைத்த பின் பிக்அப்பும் சேர்ந்து தரும் அந்தக் கூர்மையான ஒலிக்காகவே எழுபதுகளின் ஜாஸ் பேஸைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

வட்டமேடை எழுதியது:

வாசித்திருக்கிறேன், ஐயா, அதனால்தான் சொல்கிறேன். அவற்றில் மிக நல்லவையும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டு நன்றாக இருப்பதால் கையிலிருக்கும் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும் என்று கொள்வதை மட்டுமே மறுக்கிறேன். சேகரிப்பவருக்கு மூலப் பாகங்கள் மாறாமல் இருப்பது முக்கியம். மேடையில் வாசிக்கிறவருக்கு மாற்றிய பிக்அப்போ மறுபடியும் போட்ட ஃப்ரெட்டோ இழப்பாகாது, சில நேரம் ஆதாயமே. கேள்வி கேட்டவர் எதற்காக வாங்குகிறார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மரமும் திருகும் எழுதியது:

ஆண்டு எதுவாக இருந்தாலும் நாளை அவர் கையில் எடுக்கப்போவது ஒரு நெக்கைத்தான். ஒலி அணைவதையும் இரைச்சலையும்விட, மேல் ஃப்ரெட்டுகளில் தந்தி உரசுவது என்று அவர் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பல பத்தாண்டுகள் இழுத்த பிறகு, நெக் பாடியோடு சேரும் இடத்துக்கு அப்பால் விரல்பலகை மேல்நோக்கி எழும்பிவிடுவதுண்டு.

ஆகவே நாளை போனவுடன் முதலில் சுருதி சேருங்கள். சுருதி சேராத கிட்டாரில் நெக்கைப் பார்ப்பதில் பொருளில்லை. பிறகு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இ தந்தியை அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவில், அதாவது வணிக அட்டை ஒன்று உரசிக்கொண்டு நுழையும் அளவில் இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லை என்றால் நெக் பின்னோக்கி வளைந்திருக்கிறது. அப்போது முதல் சில ஃப்ரெட்டுகளில் உரசும். அதிகமாக இருந்தால் டிரஸ் ராட்டை, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் உலோகக் கம்பியை, இறுக்க வேண்டும். இந்த வளைவு சரியாக இருந்து, 17-ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் இ தந்திக்கு 2.4, ஜி தந்திக்கு 2 மில்லிமீட்டர் இருந்தும், பன்னிரண்டுக்கு மேல் மட்டும் உரசினால், அது நான் மேலே சொன்ன எழும்பல்தான். டிரஸ் ராட் அதைத் திருத்தாது. ஃப்ரெட்டுகளைச் சமன்செய்ய வேண்டும், முற்றியிருந்தால் ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டு விரல்பலகையையே இழைக்க வேண்டும்.

தலைப்பலகைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கின் இரு விளிம்புகளையும் பாருங்கள்; இரண்டும் ஒரே கோட்டில் போகாமல் ஒன்று திரும்பினால் நெக் முறுகியிருக்கிறது, அதை வாங்க வேண்டாம். கடைசியாக, விற்பவரின் அனுமதியுடன் டிரஸ் ராட்டின் திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். பழைய முறையில் செய்தவற்றில் அந்தத் திருகு நெக்கின் அடிப்பகுதியில் இருப்பதால் நெக்கைக் கழற்ற நேரலாம். மரை முடியும்வரை ஏற்கெனவே இறுக்கப்பட்டுவிட்ட ராடு இனி எதையும் தாங்காது. அதைச் சரிசெய்யும் செலவு தந்தி, பிக்அப், குமிழ் எல்லாவற்றையும் மாற்றும் செலவைவிடக் கூடுதலாகிவிடும். அனுமதி தர மறுத்தால் அந்த மறுப்பையும் விலையில் கணக்கிடுங்கள்.

புதுத்தந்தி எழுதியது:

இவ்வளவையும் புதிய தந்தியில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

வட்டமேடை எழுதியது:

போன காரியம் என்ன ஆயிற்று என்று கேள்வி கேட்டவர் வந்து சொன்னால் பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் பயன்படும்.

தாழ்சுருதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மேடையில் வாசிப்பதற்காகத்தான் வாங்குகிறேன். அரைச் சுரம் இறக்கியபோது அணையும் இடம் ஏழாவது ஃப்ரெட்டுக்கு நகர்ந்தது, சுவரில் அழுத்தியபோது ஒலி நீண்டது. எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி அதிகமாக இருந்தது. விற்பவரே நெக்கைக் கழற்றி டிரஸ் ராட்டை இறுக்கினார், திருகு எளிதாக இசைந்தது, அதன் பின் மேல் ஃப்ரெட்டு உரசலும் பெருமளவு நின்றது. நெக்கைப் பிடித்திருந்தவை நான்கு திருகுகள். அதைக் காட்டியதும் 1978 என்ற பேச்சையும் அதற்கான விலையையும் விட்டுவிட்டார். வாங்கிவிட்டேன்.

மரமும் திருகும் எழுதியது:

மகிழ்ச்சி. இறுக்கிய நெக் ஓரிரு நாளில் இன்னும் சற்று நகரும். அதற்குப் பிறகு மீண்டும் அளந்துவிட்டுத் தந்தி உயரத்தையும் பன்னிரண்டாவது ஃப்ரெட் சுருதியையும் பிரிட்ஜில் சரிசெய்யுங்கள். உரசல் பெருமளவுதான் நின்றது என்கிறீர்கள். எஞ்சியிருப்பது எந்த ஃப்ரெட்டில் என்று குறித்து வையுங்கள்.

ஓம்விதி எழுதியது:

இரண்டு வால்யூமையும் முழுவதுமாகத் திறந்தபோது இரைச்சல் நின்றதா?

பேஸ்மூத்தோன் எழுதியது:

பொட்டென்ஷியோமீட்டர் எண்ணையும் பார்த்து எழுதுங்கள். 1978 இல்லையென்றால் அது எந்த ஆண்டு என்பது இன்னும் தெரியவில்லை.