திரையில் ஒலித்த புனைமொழிகள்: வன்னி வாசகர் அனுபவங்கள்

முள்ளியவளை வாசகி:

'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முதற் பாகத்தை, கூத்து அண்ணாவியாரான என் மாமாவோடு வீட்டில் பார்த்தபோது நடந்ததொன்று இன்றுவரை மனத்தை விட்டு அகலவில்லை. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தில் எவர் எம்மொழி பேசினாலும் அவருக்கு ஒன்றுதான் என்று எண்ணிக் கதையை மட்டும் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். காயம்பட்ட ஃபுரோடோவைக் குதிரையில் ஏற்றி ஆற்றைக் கடந்த ஆர்வென், துரத்தி வந்த கரிய வீரர்களைப் பார்த்து வாளை உயர்த்திய பின்னர், எல்ஃப் இனத்தாரின் புனைமொழியான சிந்தரினில் தாழ்ந்த குரலெடுத்து எதையோ சொல்லத் தொடங்கியதும், மாமா சாய்மனைக் கதிரையிலிருந்து நிமிர்ந்தார். "உது இங்கிலீசு இல்லைப் பிள்ளை, அவள் ஆத்தோடை கதைக்கிறாள்" என்றார். வெள்ளம் அதன் பிறகே குதிரைகளின் உருவில் பொங்கி வந்தது. கோவலன் கூத்தை முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் ஆட்டுவித்தவருக்கு அந்தக் காது இருந்ததில் வியப்பில்லை. ஆயினும் மூலநூலை எழுதிய டோல்கீன் அம்மொழியின் ஓசையை வெல்ஷ் மொழியைத் தழுவி அமைத்திராவிட்டால், உச்சரிப்புப் பயிற்றுநர்கள் அதை நடிகரின் நாவில் ஏற்றியிராவிட்டால், அவருக்கு அது பிடிபட்டிருக்குமா?

வவுனியாவிலிருந்து ஒருவர்:

மேலே எழுதிய சகோதரியோடு நான் முழுமையாக உடன்படவில்லை. நல்லவரின் மொழிக்கு ஆற்றின் ஓசையும் பகைவரின் மொழிக்குக் கரகரப்பும் கொடுப்பது டோல்கீனிலேயே உண்டு. சௌரனின் கருமொழியைக் கேட்டுப் பாருங்கள். 2015இல் 'பாகுபலி'யை அம்மாவோடு திரையரங்கிற் பார்த்தேன். படையெடுத்து வரும் காலகேயர் கூட்டத்தின் தலைவன் நாக்கைச் சொடுக்கிக் கத்தியபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்லுறான் எண்டு ஆரும் சொல்லுங்கோவன்" என்றார். சோதனைச் சாவடிகளில் விளங்காத மொழியில் அதட்டப்பட்டு, முகத்தையும் குரலையும் மட்டுமே வைத்து, போகச் சொல்கிறார்களா நிற்கச் சொல்கிறார்களா என்று ஊகித்து வாழ்ந்தவர் அவர். விளங்காத மொழியை வெறும் அச்சமாக மட்டும் காட்டும் இயக்குநர்கள், பார்ப்பவர்களில் இப்படியும் சிலர் இருப்பதை நினைக்க வேண்டும்.

மாங்குளம் நாடக ஆசிரியர்:

ஐயா, உங்கள் தாயாரின் கேள்வி நியாயமானது; ஆனால் அந்தக் குற்றத்தை மொழியின் தலையிற் போடாதீர்கள். காலகேயர் பேசும் கிளிக்கி மொழி வெறும் சத்தமன்று. பாடலாசிரியர் மதன் கார்க்கி அதற்குச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வகுத்தார். அங்கே பேசப்பட்டவற்றுக்குப் பொருள் உண்டு. அதைப் பார்ப்பவருக்கு எவ்வளவு விளங்க வைப்பது என்பது இயக்குநர் எடுக்கும் முடிவு.

என் அனுபவம் சிறியது. பாடசாலை நாடகமொன்றில் அசுரப்படைக்கு வாய்க்கு வந்த ஒலிகளைக் கொடுத்திருந்தோம். ஒரு மாணவன் வசனத்தை மறந்து வேறேதோ உளறினான். சபையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எதிரே நின்ற மாணவனும் வழக்கம்போலவே பதில் சொன்னான். அதுதான் என்னை உறுத்தியது.

ஆகவே இங்குள்ள இளைஞர்கள் குறும்படத்துக்கோ மேடைக்கோ மொழி புனைவதாயின், முதலில் எந்த ஒலிகள் அம்மொழியில் இல்லை என்பதைத் தீர்மானியுங்கள். இல்லாத ஒலிகளே ஒரு மொழிக்கு முகம் கொடுக்கின்றன. அடுத்து எழுவாய், பயனிலை வரும் ஒழுங்கையும், எதிர்மறையும் கேள்வியும் அமையும் முறையையும் வகுத்துக்கொள்ளுங்கள். சொற்கள் பிறகு வரட்டும். டோல்கீன் விட்டுச்சென்ற சொற்கள் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' பட உரையாடலுக்குப் போதாதபோது, டேவிட் சலோ என்ற மொழியியலாளர் இருந்த வேர்ச்சொற்களிலிருந்தே புதியவற்றை ஆக்கிக் கொடுத்தார், நினைத்தபடி ஒட்டவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் நேரே தமிழ்ப் பொருளை எழுதி நடிகருக்குக் கொடுங்கள். பொருள் தெரிந்தவர் சரியான சொல்லில் அழுத்தம் வைப்பார். தெரியாதவர் எல்லாச் சொல்லையும் ஒரே மாதிரிக் கத்துவார். மேடையில் துணைத்தலைப்புப் போட வழியில்லை என்பதால், அம்மொழியை அறிந்த பாத்திரமொன்றைப் பக்கத்தில் நிறுத்தித் தமிழில் மறுமொழி சொல்ல வையுங்கள். கேள்வி என்னவென்பதைச் சபை அந்த மறுமொழியிலிருந்தே பிடித்துக்கொள்ளும்.