உலைப் புகையின் சூடு: பிடிப்பதா, விட்டுவிடுவதா?

உலைக்கூடம்:
எங்கள் ரோலிங் மில்லில் பில்லட் எனும் இரும்புக் கட்டைகளைக் காய்ச்சும் உலை ஃபர்னஸ் ஆயிலில் எரிகிறது. 700 டிகிரிப் புகை வீணாகிறதே என்று, புகையின் சூட்டைக் குழாய்ச் சுவர் வழியே காற்றுக்குக் கொடுக்கும் ரெக்குபரேட்டர் பொருத்தி, உலைக்குப் போகும் காற்றை அதில் சூடாக்கினோம். பதினோரு மாதம்தான். திறந்தால், காற்று நுழையும் முனையில் வெளிறிய பச்சைப் பொருக்கு. சுத்தியலால் லேசாகத் தட்டியதும் குழாய் அப்பளமாக நொறுங்கியது. அழுக்குப் புகைக்கு இந்தக் கருவியே ஆகாது.

வெப்பக்கணக்கு:
ஐயா, குற்றம் பொருத்திய விதத்தில். ஆயிலில் உள்ள கந்தகம் எரிந்து, குழாய்ச் சுவர் ஏறத்தாழ 150 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அமிலமாக வேர்க்கும். உங்கள் கருவியில், புகை வெளியேறும் முனையில்தானே குளிர்காற்று நுழைகிறது? அங்கே புகையும் சூடு தணிந்திருக்கும். படிந்த புகைக்கரி கம்பளிபோல் சூட்டைத் தடுத்துக் குழாயை மேலும் குளிரவைக்கும். காற்றைப் புகை நுழையும் சூடான முனையிலிருந்தே விடுங்கள். காற்று 20 டிகிரி சூடேறினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். 200 டிகிரி ஏறினால் பத்தில் ஒரு பங்கு ஆயில்! அதைப் புகைபோக்கியில் விட எப்படி மனம் வருகிறது?

உலைக்கூடம்:
அப்படி விட்டால் காற்று அவ்வளவு சூடேறாது, அது உங்களுக்கே தெரியும். மின்சாரம் போனால் காற்று தள்ளும் ஊதி நின்றுவிடும். உலையின் சூடு நிற்காது. காற்றோடாத குழாய் சிவந்து வளையும். கரி வழிக்க உள்ளே இறங்கிய பையன் கண் சிவந்து, இருமிக்கொண்டே வெளியே வந்தான். அந்தச் செலவு உங்கள் கணக்கில் எங்கே?

கண்ணாடிச்சூளை:
இரும்புக் குழாய்தான் வழியா? ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856இல் காப்புரிமை பெற்ற செங்கல் அடுக்கு முறையில்தான் எங்கள் கண்ணாடி உலை ஓடுகிறது. புகை சூடாக்கிய செங்கல் வழியே அடுத்துக் காற்று போகும்; புகையும் காற்றும் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும். புகையோடு வரும் சோடியம் சல்பேட் செங்கல் இடுக்குகளில் உப்பாக உறையத்தான் செய்கிறது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது.

உலைக்கூடம்:
அண்ணா, உங்கள் உலை இரவும் பகலும் அணையாதது. எங்களுடையது தினமும் அணைவது. அத்தனை செங்கல் அடுக்க இடமும் இல்லை.

வெப்பக்கணக்கு:
பையனை இறக்கியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் நின்றதும் தன் எடையால் விழுந்து, புகையை மாற்றுவழியில் திருப்பும் கதவு வையுங்கள். வெளியிலிருந்தே தடி விட்டு வழிக்கும்படி பக்கவாட்டில் திறப்புகளும் வேண்டும். இவை இல்லாத கருவியை விற்றவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

உலைக்கூடம்:
அந்தத் திறப்புகளை வரைபடத்தில் காட்டுங்கள். எந்தக் குழாயையும் ஆள் இறங்காமல் எட்ட முடிந்தால் முதலாளியிடம் நானே பேசுகிறேன். அதுவரை கருவிக்குப் போகும் வழி தகடு அடைத்தே இருக்கும்.