டிவி நன்றாக இருக்கிறது, ஆப் மட்டும் போய்விட்டது: யார் பொறுப்பு?

மின்மினி:
வீட்டு டிவியில் நேற்று வரை ஓடிய வீடியோ ஆப், இன்று "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்கிறது. திரையில் ஒரு கீறல் இல்லை, ஒலியும் பிரமாதம். தயாரித்தவர்களைக் கேட்டால் "அது வேறு நிறுவனத்தின் சேவை" என்று கையை விரிக்கிறார்கள். விற்கும்போது மட்டும் அதே ஆப்பின் சின்னத்தை அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்தார்களே? சின்னத்தைக் காட்டிக் காசு வாங்கியவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

நிரலன்:
கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் டிவியைக் குறிவைத்து யாரும் எதையும் அணைக்கவில்லை. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய ஏபிஐயை, அதாவது சாதனங்களில் உள்ள ஆப்கள் அதனுடன் பேசும் வழியை, மூடியது. 2012லும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளிலும் புளூரே பிளேயர்களிலும் யூடியூப் நின்றது. புது ஆப்பை ஏற்றவும் அவற்றில் வழியில்லை. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸும் 2010, 2011ஆம் ஆண்டு சாம்சங் டிவிகள் சிலவற்றையும் டிவியுடன் இணைத்து வீடியோ பார்க்கும் பழைய ரோக்கு பெட்டிகளையும் கைவிட்டது. சேவை வளர்ந்துகொண்டே போகும். டிவிக்குள் இருக்கும் சிப் வளராது. பத்து வருடப் பழைய மாடல் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆப் எழுதிச் சோதித்துக்கொண்டே இருக்க முடியுமா?

பழையரேடியோ:
"யாரும் அணைக்கவில்லை" என்கிறீர்களா? ரிவால்வ் கதை தெரியுமா, நிரலன்? வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இயக்கும் 300 டாலர் பெட்டி. 2014இல் கூகுளின் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வரை நிறுத்தியது. அவ்வளவுதான், பெட்டி வெறும் பிளாஸ்டிக். என் வீட்டு விளக்கை என் வீட்டுக்குள்ளிருந்து போட, எங்கோ இருக்கும் சர்வரிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்? இதற்கும் சிப் பழசானதற்கும் என்ன சம்பந்தம்?

நிரலன்:
ரிவால்வ் விஷயத்தில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. அது அநியாயம். ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் அளக்காதீர்கள். அப்டேட் நின்ற சாதனத்தை இணையத்தில் விட்டுவைப்பதும் ஆபத்து. 2016இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துக்கொண்டு இணையதளங்களுக்கு வழிகாட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. சில கதவுகளை மூடத்தான் வேண்டும்.

கடைக்கோடி:
எதற்கு இவ்வளவு சண்டை? ஸ்மார்ட் டிவி என்றாலும் அதை வெறும் திரையாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வீடியோ ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்டிக் சொருகுங்கள். செத்தால் ஸ்டிக்கை மட்டும் மாற்றுங்கள்.

பழையரேடியோ:
ஸ்டிக் மட்டும் சிரஞ்சீவியா, கடைக்கோடி? 2025 மார்ச்சில் டிவியில் சொருகும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் மண்டையைப் போட்டன. பழுது ஒன்றும் இல்லை. சாதனம் அசல்தானா என்று சரிபார்க்கப் பயன்படும் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள் வைத்திருந்தார்கள், அது முடிந்துவிட்டது. மாத்திரை அட்டையில்கூட காலாவதித் தேதி தெரியும். இதில் தேதி உள்ளேயே இருந்தது, வாங்கியவனுக்குத்தான் தெரியாது. ஊரே கூச்சல் போட்ட பிறகு கூகுள் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. ஆக, மனம் வைத்தால் முடிகிறது.

நிரலன்:
கூகுள் உயிரோடு இருந்ததால் முடிந்தது. வீட்டு விளக்குகளை இயக்கும் சாதனங்களை விற்ற இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை அணைத்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கடைசியில் அதன் பயனர்கள் சிலரே வாங்கி மீட்டெடுத்தார்கள். சாதனத்துக்கு ஒருமுறைதான் பணம் தருகிறோம். சர்வருக்கோ மாதாமாதம் செலவு. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அதே வகைச் சாதனம் விற்ற விங்க் 2020இல் மாதச் சந்தா கேட்டபோதும் எல்லோரும் திட்டத்தானே செய்தோம்?

மின்மினி:
இலவசம் என்று சொல்லி விற்றுவிட்டு, ஒரு வார அவகாசத்தில் "சந்தா கட்டு, இல்லையென்றால் நிறுத்துகிறோம்" என்றால் திட்டாமல் என்ன செய்வார்கள்? முதல் நாளே சந்தா என்று சொல்லியிருந்தால் வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து வாங்கியிருப்பார்கள்.

தாழை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நிரலன் சொல்வது வெளிச் சேவை மாறுவதால் வரும் இழப்பு, பழையரேடியோ சொல்வது வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டிய வேலையை வேண்டுமென்றே சர்வரில் கட்டிப்போடுவது. முதலாவதற்கு முன்னறிவிப்பு போதும். இரண்டாவதை அனுமதிக்கவே கூடாது என்பது என் கட்சி. கூகுளின் இணைய விளையாட்டுச் சேவையான ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடியபோது, அதன் கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் இயங்க வைக்கும் வசதியைத் தந்தார்கள், சாதனத்தின் காசையும் திருப்பித் தந்தார்கள். போகிறவர்கள் இப்படிப் போகலாமே.

சட்டமும் மெல்ல வருகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி அதே ஆண்டு 184 சாதனங்களைப் பார்த்தது. ஏறக்குறைய 89 சதவீதத்துக்குத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த விவரமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுச் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு ஆதரவு கட்டாயம்.

பழையரேடியோ:
டிவிக்கு ஐந்தாண்டு எந்த மூலைக்கு? அதுவும் பாதுகாப்பு அப்டேட்டுக்குத்தான். ஆப் ஓடும் என்பதற்கு அதில் உத்தரவாதம் உண்டா?

தாழை:
இல்லை. அந்த ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.

மின்மினி:
அப்படியானால் கைவிடும்போது ஃபர்ம்வேரை, அதாவது சாதனத்தை இயக்கும் உள் நிரலை, எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிடட்டும். ஆர்வமுள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெபிள் கைக்கடிகாரத்தின் சேவை 2018இல் நின்றபோது, ரெபிள் என்ற பயனர் குழு மாற்றுச் சேவை நடத்தவில்லையா?

நிரலன்:
கடிகாரத்தில் நடந்தது டிவியில் நடக்காது. டிவிக்குள் பாதி நிரல் சிப் நிறுவனத்துடையது, நகல் தடுப்புச் சாவிகள் பட நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டவை. தயாரிப்பாளரே நினைத்தாலும் முழுசாகத் திறக்க முடியாது.

பழையரேடியோ:
சரி, திறக்க வேண்டாம். "இந்த ஆப் இந்த ஆண்டு வரை" என்று பெட்டியில் அச்சடிப்பதிலாவது உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?

நிரலன்:
இல்லை, தாராளமாகப் போடட்டும். ஆனால் அந்தத் தேதி முடிந்த மறுநாள் இங்கே வந்து திட்ட மாட்டேன் என்று எழுதித் தருவீர்களா?

பழையரேடியோ:
மாட்டேன்.