முதல் பாட்டு போணியாகலைன்னா அதையே திரும்பப் போடலாமா?

சிந்துபூந்துறை சின்த்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் எங்க சித்தி மகளும் சேர்ந்து எலக்ட்ரானிக் பாப் பண்ணுதோம். வரி எழுதி பாடுறது அவ. நான் லேப்டாப்புல எஃப்எல் ஸ்டுடியோங்கிற பாட்டுப் பண்ணுத சாஃப்ட்வேர், செகண்ட் ஹேண்டுல வாங்கின கீபோர்டு ஒண்ணு, அவ்வளவுதான் சாமான். போன மாசம் முதல் பாட்ட ஏத்தினோம். எங்க திருநெல்வேலியில ஆத்துக்கு அந்தக் கரையில பாளையங்கோட்டைப் பொண்ணு, இந்தக் கரையில பேட்டைப் பையன், நடுவுல பாலம். இதான் விஷயம். மூணு வாரத்துல 412 பேர் கேட்டிருக்காங்க. அதுல பாதி எங்க அத்தைமாரு வாட்ஸ்அப் குரூப்பு.

கூடப் படிச்ச ஒருத்தன் சொல்லுதான்: "இங்கிலாந்து பாப் குழு பெட் ஷாப் பாய்ஸும் ரெண்டே பேருதான். முதல் பாட்டே இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டுலயும் நம்பர் ஒன். முதல் பாட்டுல தட்டலைன்னா அப்புறம் தட்டாது." இது நிசமா? இத அழிச்சிட்டு அடுத்ததுக்குப் போகவா, இதையே திரும்பப் பண்ணவா? சித்தி மகள் அழிக்கக்கூடாதுங்கா.

குலவணிகர்புரம் கேட் மூடியிருக்கு:
உங்க கூட்டாளி சொன்னது பாதிதான் சரி. அவங்களோட 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாட்டு 1986 ஜனவரியில இங்கிலாந்துல முதலிடம். அதே வருஷம் மே மாசம் அமெரிக்காவுல பில்போர்டு ஹாட் 100ங்கிற பாட்டுப் பட்டியல்ல முதலிடம். ஆனா அந்தப் பாட்டு 1984 ஏப்ரல்லயே ஒரு தடவ வெளிவந்து இங்கிலாந்துல படுத்துருச்சு. விவரமா ரெக்கார்டிங் அண்ணாச்சி சொல்லுவாவ, இன்னும் முழிச்சிருந்தா.

ரெக்கார்டிங் அண்ணாச்சி:
முழிச்சிதான் இருக்கேன். கரண்ட் இல்ல. போன்ல தட்டுதேன், பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க.

தம்பி, 86ல ஜங்ஷன்ல மதுரை ரோட்ட ஒட்டின சந்துல நான் ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தேன். ரெண்டு டெக்கு, ஒரு ஆம்ப்ளிஃபயர், சுவரு பூரா எல்.பி. அட்டை. சோறு போட்டது இளையராஜா. இங்கிலீஷ் பாட்டுக்குன்னு வாரது காலேஜ் பயக்க நாலு பேருதான். அதுல ஒருத்தன் அவன் மாமா துபாய்ல இருந்து கொண்டாந்த 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' கேசட்ட நீட்டி, "இத டிடிகே 60 வெறுங் கேசட்டுல ஏத்திக் குடுங்க அண்ணாச்சி"ன்னான்.

போட்டா எடுத்த எடுப்புலயே தெரு இரைச்சல். செருப்புச் சத்தம், வண்டிச் சத்தம். எவனோ வீட்டுல ஸ்பீக்கர் முன்னால மைக்க வச்சிப் பதிஞ்ச கள்ளக் கேசட்டுன்னு நெனச்சேன். ஹெட்ட பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டுத் தொடச்சிப் பாத்தேன். அப்பமும் இரைச்சல். வாடிக்கைக்காரனுக்குச் சுத்தமா குடுக்கணும்லா? தாளம் தொடங்குத எடத்துல இருந்து ஏத்திக் குடுத்துட்டேன். மறுநா காலையில கடை தொறக்கதுக்கு முன்னயே வந்து நிக்கான். "பாட்டோட தலைய வெட்டிட்டியள அண்ணாச்சி!" துட்டு வாங்காம திரும்ப ஏத்திக் குடுத்தேன். புரொடியூசர் ஸ்டீபன் ஹேக், லண்டன்ல ஸ்டுடியோவ விட்டு இறங்கித் தெருவுல போயிப் பதிஞ்ச சத்தம் அதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சித்தான் படிச்சேன். நான் கூறுகெட்டத்தனமா அதப் போயி வெட்டியிருக்கேன்.

இனி கதைக்கு வாரேன். நீல் டென்னன்ட், கிரிஸ் லோ, இவிய ரெண்டு பேருதான் பெட் ஷாப் பாய்ஸ். 1981ல லண்டன் கிங்ஸ் ரோட்டுல ஒரு எலக்ட்ரானிக் சாமான் கடையில பாத்துப் பேசிக்கிட்டவிய. ஈலிங்குல வளப்புப் பிராணி விக்கிற கடையில வேல பாத்த கூட்டாளிமாரை வச்சித்தான் குழுவுக்கு அந்தப் பேரு. லோ கட்டடக்கலை படிச்சவரு. டென்னன்ட் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்'னு பாட்டுப் பத்திரிகையில வேல பாத்தாரு. 1983ல 'தி போலீஸ்' குழுவப் பத்தி எழுத பத்திரிகை அவர நியூயார்க்குக்கு அனுப்பிச்சி. போன எடத்துல, தனக்குப் பிடிச்ச டிஸ்கோ புரொடியூசர் பாபி ஆர்லாண்டோவத் தேடிப் பிடிச்சி, மத்தியானச் சாப்பாட்டுல உக்காந்து காரியத்த முடிச்சிட்டாரு. போனது ஒரு சோலி, பாத்தது ஒரு சோலி.

ஆர்லாண்டோ பண்ணிக்குடுத்ததுதான் 84ல வந்தது. பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் கொஞ்சம் ஓடிச்சி, அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ கிளப்புல போட்டாவ. சொந்த ஊருல சீந்த ஆளில்ல. பொறவு ஆர்லாண்டோகூட ஒப்பந்தத்த முறிச்சிக்கிட்டு, வரப்போற வருமானத்துல அவருக்கும் பங்குன்னு ஒத்துக்கிட்டு, பார்லஃபோன்ங்கிற இசைத்தட்டுக் கம்பெனிக்கு வந்தாவ. ஹேக்க வச்சி அதே பாட்ட திரும்பப் பண்ணினாவ.

ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளும். முதல்ல வந்தது அவசரத்துல ஓடும், அடி சத்தமா விழும். ரெண்டாவதுல வேகத்தக் கொறச்சிட்டாவ. ராத்திரி பத்து மணிக்கு மேல ஈரடுக்கு மேம்பாலத்துல தனியா நடந்து வந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. டென்னன்ட் பாதி எடத்துல பாடவே இல்ல, பக்கத்துல உக்காந்து பொறணி சொல்லுத மாதிரிப் பேசுதாரு. நியூயார்க் ராப் கேட்டு வந்த ஆசை அது. பழையதுல ஸ்டாலின் பேரு வாற வரி ஒண்ணு உண்டு, அதத் தூக்கிட்டாவ (ரஷ்யா ஸ்டாலின் வே, உடனே கட்சிச் சண்டைக்கு வந்துராதிய). லெனின் ரயில்ல வந்து இறங்கின பின்லாந்து ஸ்டேஷன் மட்டும் தப்பிச்சிட்டு. நடுவுல வாற டிரம்பெட்ட எவரும் ஊதல, எமுலேட்டர்னு ஒரு கீபோர்டுல வாசிச்சது. நையாண்டி மேளம் கேட்டு வளந்த காது எனக்கு, நானே ஏமாந்துட்டேன்.

மெட்டு அதேதான். லண்டன்ல பணக்கார வெஸ்ட் எண்டு, ஏழைபாழ ஈஸ்ட் எண்டுங்கிற விஷயமும் அதேதான். ஆகையினால உங்க சித்தி மகள் சொல்லுததுதான் சரி. அழிக்காதியும்.

பாளை பஸ் ஸ்டாண்ட் டீ:
அண்ணாச்சி, சும்மா ஆசை காட்டாதீங்க. ரெண்டாந்தடவ ஜெயிச்சது வேகத்தக் கொறச்சதாலயா, பார்லஃபோன் பின்னால நின்னதாலயா? பெரிய கம்பெனி இருந்தா இசைத்தட்டு கடைக்குக் கடை போகும், ரேடியோக்காரன் போடுவான். அந்தக் காலத்துல இங்கிலாந்துப் பட்டியல் கடையில வித்த தட்ட எண்ணித்தான் போட்டாங்க. அமெரிக்காவுல அதோட ரேடியோவுல எத்தன தடவ போட்டாங்கங்கிறதையும் சேத்துக்கிடுவாங்க. இந்தத் தம்பிக்கு யாரு இருக்கா? அத்தைமாரு குரூப்புதானே?

ரெக்கார்டிங் அண்ணாச்சி:
நியாயமான கேள்விதான். கம்பெனி இல்லாம அது நடந்திருக்காதுன்னு நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா வே, அதே பார்லஃபோன்ல அவிய முதல்ல போட்டது 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்'. 1985 ஜூலை. துட்டு சம்பாதிப்போம்னு பாடின பாட்டு, இங்கிலாந்துல ஏறினது 116ஆவது எடம். கம்பெனி அப்பமும் இருந்திச்சில்லா? அடுத்த வருஷம் அதையும் திருத்திப் போட்டாவ, 11ஆவது எடத்துக்கு வந்துட்டு. அவியளுக்கு இது ஒரு பழக்கமாவே இருந்திருக்கு.

இன்னொண்ணு. 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' ரெண்டாவது தட்டு வெளிய வந்தது 85 அக்டோபர் கடைசி. முதலிடத்துக்கு வந்தது ஜனவரி 11. பத்து வாரத்துக்கு மேல பைய பையத்தான் ஏறியிருக்கு. தம்பி மூணு வாரத்துலயே ஒப்பாரி வைக்காரு.

தம்பி, லிங்க் போடும். கேப்போம்.

சிந்துபூந்துறை சின்த்:
போட்டிருக்கேன் அண்ணாச்சி. ஹெட்போன்ல கேளுங்க.

ரெக்கார்டிங் அண்ணாச்சி:
கேட்டேன், ரெண்டு தடவ. குரல் நல்லாருக்கு. அந்தப் பிள்ளைக்கு மூச்சு விட எடம் குடுக்காம வெரட்டுதீரே, எதுக்கு? முதல் அடியிலயே ட்ரம்ஸ், கூடவே பேஸ், அதுக்கு மேல கைதட்டு. சீவலப்பேரி கொடைக்குக்கூட முதல்ல மைக் டெஸ்டிங் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாவ. பாலத்தப் பத்தின பாட்டுல பாலம் எங்க? ஒரு பஸ் ஹாரன் கூட கேக்கல. "பேட்டையில மில் சங்கு"ன்னு ஒரு வரி வருதுல்லா, அத அவ பாடாம சும்மா பேசினா எப்படி இருக்கும்னு பாரும்.

பாளை பஸ் ஸ்டாண்ட் டீ:
நானும் கேட்டேன். அண்ணாச்சி சொல்லுத கைதட்டு உண்மையிலேயே தொந்தரவு. மத்தபடி கோரஸ் மனசுல நிக்குது. டீ ஆத்திக்கிட்டே முணுமுணுத்துட்டேன். சரி, கணக்கு 413.

சிந்துபூந்துறை சின்த்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. நேத்து ராத்திரி வேகத்த நிமிஷத்துக்கு 132 அடியில இருந்து 114க்கு இறக்கிப் போட்டோம். முதல்ல தூங்கி வழிஞ்ச மாதிரி இருந்துச்சு, கைதட்ட எடுத்ததும் சரியாயிட்டு. மில் சங்கு வரிய அவ பேசிப் பாத்தா, சித்தி அடுக்களையில இருந்து வந்து "யாருகிட்டட்டி பேசுத?"ன்னு கேட்டுட்டாங்க. அந்த டேக்க அப்படியே வச்சிட்டோம், சித்தி குரலோட.

பாலத்துச் சத்தம் பதிய சனிக்கிழமை சாயங்காலம் போறோம். அதுக்குப் பொறவு ரயில் சத்தத்துக்கு குலவணிகர்புரம் கேட்டுக்கு. அந்தக் கேட்டு எத்தன மணிக்கு மூடும்னு யாருக்காவது தெரியுமா?

குலவணிகர்புரம் கேட் மூடியிருக்கு:
எப்பத் தொறக்கும்னு கேளுங்க.