கண்ணாடி அலமாரிக்குள் ஆந்தூரியம்: இலை ஓரம் கருகுவது ஏன்?

கேள்வி (கீழக்கரை)

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. பீங்கான் பாத்திரங்கள் அடுக்கியிருந்த பழைய கண்ணாடி அலமாரியைக் காலி செய்து, நான்கு மாதங்களாக அதற்குள் ஆந்தூரியம் கிறிஸ்டலினம், பிலோடென்ட்ரான், ரெக்ஸ் பிகோனியா, லுடிசியா ஆர்க்கிட் ஆகிய அழகு இலைச் செடிகளை வளர்த்து வருகிறேன். உள்ளே எல்.இ.டி. விளக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது. அடித்தட்டில் ஒரு தாம்பாளம் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஈரப்பதமானி பகலில் 85 விழுக்காடும் இரவில் 95-க்கு மேலும் காட்டுகிறது. நண்பகலில் உள்ளே வெப்பம் 35 டிகிரியைத் தொடுகிறது.

ஆந்தூரியத்தின் இலை நுனியில் தொடங்கிய கருகல், ஓரம் வழியாகக் காகிதம் தீய்ந்தது போலப் பரவிவிட்டது. பிகோனியாவின் தண்டு அடியில் அழுகிப்போயிற்று. அலமாரி படுக்கையறையில் இருப்பதால், இரவு ஏசி ஓடி முடிந்த பின் காலையில் பார்த்தால் கண்ணாடியின் உட்பக்கம் முழுவதும் நீர்த்துளிகள். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் நீரைத்தான் செடிகளுக்கு ஊற்றுகிறேன். இலை கருகுவதால் ஈரப்பதம் போதவில்லையோ என்று எண்ணி, காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபயர் கருவி வாங்கலாமா என யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மண்டபம்)

சகோதரி, ஹியூமிடிஃபயர் வாங்க வேண்டாம். தாம்பாளத்தையும் இன்றே எடுத்துவிடுங்கள். கண்ணாடி அலமாரியில் செடி வளர்க்கும் முறையை இணையத்தில் விளக்குபவர்களில் பலர் குளிர்நாட்டவர். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டுபோவதால், ஈரத்தைப் பிடித்து வைக்க அவர்களுக்கு அலமாரி தேவைப்படுகிறது. நம் கரையிலோ கடலே ஈரத்தைக் கொடுத்துவிடுகிறது. நமக்கு அலமாரி செய்ய வேண்டிய வேலை வேறு; கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சன்னல் கம்பியிலேயே படிந்து துருவேற்றும் உப்பை அது செடியிடம் அண்டவிடாமல் தடுக்க வேண்டும்.

இது புதிய பயன்பாடும் அன்று. 1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு, மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பெரணி ஒன்று தானாக முளைத்திருப்பதைக் கண்டார்; நகரத்துக் கரிப்புகையில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவில்லை. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் 1833-இல் கப்பலின் மேல்தளத்தில் சிட்னி வரை சென்றபோது, உள்ளிருந்த செடிகள் உப்புத்தூவல் படாமல் உயிருடன் போய்ச் சேர்ந்தன. நம் அலமாரியும் அந்தப் பெட்டியின் வழிவந்ததுதான் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் காற்றில் வரும் உப்பைத் தடுத்துவிட்டு, வேர் வழியாக அதையே ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் நல்ல நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவுநீரில்தான். நம்முடைய உவர் நிலத்தடி நீரைவிட அது கடுமையானது. செடி உறிஞ்சிய நீர் இலை வழியே ஆவியாக, உப்பு மட்டும் ஓரங்களில் தங்கிச் சேர்வதால்தான் கருகல் அங்கே முதலில் தெரிகிறது. தொட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தால் ஐயமே வேண்டாம்.

பிகோனியா அழுகியதற்குக் காரணம் தேங்கிய காற்று. ஏசி குளிரில் கண்ணாடி குளிர்ந்ததும் உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிகிறது; அந்த நனைவு விடியும்வரை காயாததால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. அலமாரியை ஏசி இல்லாத, வெயில் நேராக விழாத கூடத்துக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் சிறு மின்விசிறி இரண்டு வாங்கி, ஒன்றை அடியில் காற்றை உள்ளிழுக்கவும் மற்றொன்றை மேலே வெளித்தள்ளவும் பொருத்தினால் விளக்கின் சூடும் வெளியேறிவிடும். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியையும் அலமாரிக்கு வெளியே வையுங்கள். என் வீட்டில் மின்விசிறியின் செம்புக் கம்பி முனை ஓராண்டுக்குள் பச்சைக் களிம்பேறி அறுந்துவிட்டது. ஆகவே இணைப்புகளைத் திறந்தபடி விடாமல், சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுங்கள்.

மறுமொழி 2 (உச்சிப்புளி)

அண்ணன் எழுதியது அனைத்தும் சரி. நாற்றங்காலில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்: அக்கா, உங்கள் தொட்டியில் இருப்பது தேங்காய் நார்க்கழிவு என்றால், அதிலேயே உப்பு இருக்கக்கூடும். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் தூளில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் முழுமையாகப் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியேற்றும். அதன்பின் நல்ல நீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். இதை ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்தால் பட்ட பாடு வீண். ஆந்தூரியத்துக்கு அந்தத் தூளும் அதிகம் வேண்டாம். மரக்கரித் துண்டு, பெர்லைட் எனும் எடையற்ற வெள்ளைக் கல்மணி, தேங்காய் மட்டைச் சில்லு ஆகியவற்றைக் கூடுதலாகக் கலந்தால்தான் வேர் மூச்சுவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி அளந்தேன்: ஆர்.ஓ. குடிநீர் 70 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), கழிவுநீர் 2,300. பொருக்கும் இருந்தது. நான்கு மாதமாக இதைத்தான் ஊற்றியிருக்கிறேன் என்பது மிகவும் வருத்தமாக இருக்கிறது. தினமும் குடிநீரையே ஊற்ற மனம் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் மாடியில் விழும் நீரைச் சேர்த்து வைத்தால் போதுமா?

மறுமொழி 1 (மண்டபம்)

தாராளமாகப் போதும், அதைவிடச் சிறந்த நீர் இச்செடிகளுக்கு இல்லை. ஆனால் கோடை முழுவதும் மாடித்தளத்தில் உப்பும் தூசியும் படிந்திருக்கும் என்பதால், முதல் இரண்டு மழையை ஓடவிட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். வெளிச்சம் புகாத டிரம்மில், கொசு நுழையாதபடி துணி கட்டி மூடி வையுங்கள். அதுவரை குடிநீரைக் கொண்டு ஒரே ஒரு முறை, தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றிப் பழைய உப்பைக் கழுவிவிடுங்கள். கருகிய இலைகள் பச்சையாக மாறப்போவதில்லை; அவற்றை உடனே வெட்டாமல், புதிய இலை ஒன்று ஓரம் சேதமின்றி விரியும்வரை செடியிலேயே விட்டு வையுங்கள்.